பிஜிசிங்க் நின்றிருந்த காலத்தில் போஸ்ட்கிரெஸ் வட்டு நிரம்பிவிட்டது: வால் (WAL) கோப்புகளை அழிக்கலாமா?

கேள்வி (மண்டபம்):
வணக்கம். மீன் ஏலப் பதிவுகளைப் போஸ்ட்கிரெஸ் 14 தரவுத்தளத்தில் வைத்து, மீன் பெயராலும் படகு எண்ணாலும் தேடுவதற்காகப் தரவுத்தள மாற்றங்களை அனுப்பும் பிஜிசிங்க் என்ற கருவி மூலம் எலாஸ்டிக்சர்ச் தேடுபொறியில் ஏற்றி வருகிறோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை என்பதால் பிஜிசிங்க்கை நிறுத்தி வைத்தோம்; நாட்டுப்படகுகளின் பதிவு மட்டும் நடந்தது. அது மிகக் குறைவு. ஆனால் வால் கோப்புகள் (தரவுத்தள மாற்றங்களை முதலில் எழுதிவைக்கும் பதிவுக் கோப்புகள்) வட்டை ஏறக்குறைய அடைத்துவிட்டன. அவற்றைக் கையால் அழிக்கலாமா?

பதில் 1 (கீழக்கரை):
தயவுசெய்து அழிக்க வேண்டாம், ஐயா. தரவுத்தளமே மீண்டும் எழாமல் போகக்கூடும். பிஜிசிங்க் நின்றாலும் அது உருவாக்கிய ரெப்ளிகேஷன் ஸ்லாட் (மாற்றங்களை எதுவரை படித்தாயிற்று என்று போஸ்ட்கிரெஸ் வைத்திருக்கும் குறிப்பு) நீங்குவதில்லை; கடைசியாகப் படித்த இடத்திலிருந்து எல்லா வால் கோப்புகளையும் அது பிடித்து வைத்துக்கொள்ளும். வால் என்பது சர்வர் முழுமைக்கும் பொதுவானது. ஆகவே அதே சர்வரில் வேறு தரவுத்தளம் ஏதேனும் இயங்கினால், அதன் எழுத்துகளும் சேர்ந்தே தேங்கும். பிஜி ரெப்ளிகேஷன் ஸ்லாட்ஸ் (pg_replication_slots) என்னும் பார்வையில் அந்த ஸ்லாட் செயலற்றதாகக் காட்டுகிறதா என்று பாருங்கள்.

கேட்டவர்:
ஆம், செயலற்றதாகவே காட்டுகிறது. கூட்டுறவுக் கணக்கு மென்பொருளும் அதே சர்வரில்தான் இயங்குகிறது.

பதில் 1:
காரணம் அதுதான். வட்டில் சிறிது இடம் இருந்தால் பிஜிசிங்க்கை ஓடவிடுங்கள். அது படித்து முடித்ததும் போஸ்ட்கிரெஸின் அடுத்தடுத்த செக்பாயிண்ட்களில் (மாற்றங்களை வட்டில் உறுதிசெய்யும் கட்டங்களில்) இடம் திரும்பும். இடம் இல்லையெனில் பிஜிசிங்க்கின் பூட்ஸ்ட்ராப் (தொடக்க அமைப்பு) கட்டளையை டியர்டவுன் (அமைத்ததைக் கலைத்தல்) விருப்பத்துடன் இயக்கி ஸ்லாட்டை நீக்கிவிட்டு, பிஜிசிங்க் குறித்து வைத்த பழைய செக்பாயிண்டையும் (அது படித்து முடித்த இடத்தின் குறிப்பு) எலாஸ்டிக்சர்ச் இண்டெக்ஸையும் (தேடலுக்கான தொகுப்பு) அழித்து, மறுபடி பூட்ஸ்ட்ராப் செய்து முழுமையாக ஏற்றுங்கள். இண்டெக்ஸை அழிக்காமல் ஏற்றினால், இடைக்காலத்தில் தரவுத்தளத்திலிருந்து நீக்கப்பட்ட பதிவுகள் தேடலில் வந்துகொண்டே இருக்கும். ஏல விவரத்தில் இது சிறிய பிழை அன்று.

பதில் 2 (தொண்டி):
போஸ்ட்கிரெஸ் 13 முதல் ஸ்லாட் பிடித்து வைக்கும் வால் அளவுக்கு வரம்பிடும் மேக்ஸ் ஸ்லாட் வால் கீப் சைஸ் (max_slot_wal_keep_size) என்ற அமைப்பு உண்டு. இயல்பாக அது -1, அதாவது வரம்பே இல்லை. வரம்பிட்டால் வட்டு தப்பும். வரம்பைத் தாண்டிய ஸ்லாட் பயனற்றுப்போவதால் முழு ஏற்றம் தேவைப்படும். தடைக்காலம் போன்ற நீண்ட நிறுத்தத்துக்கு முன் ஸ்லாட்டை நீங்களே நீக்கிவிடுவதே மேல் என்பது என் கருத்து.

கேட்டவர்:
ஸ்லாட்டை நீக்கி முழுமையாக ஏற்றினோம்; வட்டில் இடம் திரும்பியது. நீக்கிய பதிவுகளும் தேடலில் வரவில்லை. இருவருக்கும் மிக்க நன்றி.