வயதான கினிப்பன்றி திடீரென்று நோயுற்றபோது: வளர்ப்பவர்களின் அனுபவப் பகிர்வு

எங்களிடம் வளரும் மல்லி என்ற பெண் கினிப்பன்றிக்கு ஆறு வயது கடந்துவிட்டது. இவ்வினம் பொதுவாக ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் வரை வாழக்கூடியது என்பதால், அது முதுமையில் இருக்கிறது என்பதை அறிந்தே பார்த்துக்கொண்டு வந்தோம். கீரையைப் பிரிக்கும் சலசலப்புக் கேட்டாலே கீச்சிட்டுக்கொண்டு கம்பியைப் பிடித்து எழுந்து நிற்கும் அந்தப் பிராணி, ஒரு மாலை மூலையில் மயிர் சிலிர்த்து, முதுகைக் கூனிக்கொண்டு, கண்களைப் பாதி மூடியபடி உட்கார்ந்திருந்தது. தழையை அருகில் நீட்டியபோது முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. ஆவலாக வாங்கி, ஒன்றிரண்டு முறை மென்று, அப்படியே நழுவவிட்டது. மீண்டும் வாங்கியது, மீண்டும் நழுவவிட்டது. தாடைக்குக் கீழே மயிர் ஈரமாக ஒட்டிக் கிடந்தது.

பசியே இல்லாமல் உணவை மறுப்பதும், உண்ண விரும்பியும் உண்ண முடியாமல் போவதும் வெவ்வேறு. இரண்டாவது வகையாக இருந்தால் முதலில் வாயைத்தான் சந்தேகிக்க வேண்டும். கூண்டில் கிடந்த புழுக்கைகள் வழக்கமான பருமனில் பாதிகூட இல்லை. சில ஒரு முனையில் கூர்ந்து உலர்ந்திருந்தன. வாரந்தோறும் சமையலறைத் தராசில் நிறுத்து எழுதிவைக்கும் எடைக் குறிப்பை எடுத்துப் பார்த்தோம். ஆயிரம் கிராமை ஒட்டி நின்ற எடை, பத்தும் இருபதுமாகக் கரைந்து தொள்ளாயிரத்துக்குக் கீழே வந்திருந்தது. தனித்தனியே பார்த்தால் அந்த வயதுக்கு இயல்பு என்று தோன்றும் குறைவுகள்தாம். ஆனால், மொத்தத்தில் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு போயிருந்தது. வேட்டையாடப்படும் விலங்கு என்பதால், கினிப்பன்றி தன் நலிவைக் கடைசிவரை வெளிக்காட்டாது. நம் கண்ணுக்குத் திடீரென்று தெரிவது அதன் உடலில் பல வாரங்களுக்கு முன்பே தொடங்கியதாக இருக்கும் என்பதை இந்தக் குறிப்புத்தான் எங்களுக்குக் காட்டியது.

அன்றிரவே மருத்துவரிடம் கொண்டுசென்றோம். இதில் காலை வரை காத்திருக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், கூடாது என்பதே. கினிப்பன்றியின் குடல் நார்ச்சத்து இடைவிடாமல் உள்ளே வந்துகொண்டிருந்தால் மட்டுமே இயங்கும். 12 மணி நேரம் ஒன்றும் உண்ணாமல் இருந்தாலே குடலியக்கம் தளர்ந்து, வாயு சேர்ந்து, வலியினால் மேலும் உண்ணாமை என்ற சுழல் தொடங்கிவிடும். பட்டினி நீண்டால் ஈரலில் கொழுப்புப் படிந்து, முதல் நோயைவிட அதுவே கொல்லும் நோயாகிவிடுவதும் உண்டு.

மருத்துவர் காதைச் சோதிக்கும் விளக்குக் கருவியின் கூம்பை வாய்க்குள் மெல்லச் செலுத்திப் பார்த்தார். கினிப்பன்றிக்கு உள்ள 20 பற்களும் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. மல்லிக்குக் கீழ்க் கடைவாய்ப் பற்கள் உட்புறமாகச் சாய்ந்து வளர்ந்து, நாக்கின் மேலாக ஒன்றையொன்று நெருங்கி, அதை அசையவிடாமல் அழுத்திக்கொண்டிருந்தன. வெளியே தெரியும் வெட்டுப் பற்களோ நேராக, ஒழுங்காக இருந்தன. முன்பற்களை மட்டும் பார்த்துவிட்டுப் பற்களில் குறையில்லை என்று யாராவது சொன்னால், கடைவாயையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். வேர்களில் சீழ்க்கட்டி இல்லை என்பதை எக்ஸ்ரே மூலம் உறுதிசெய்த பின்னர், மயக்க வாயு கொடுத்துப் பற்களைத் தேய்த்துச் சரிசெய்தார்கள். நாய், பூனைகளுக்குச் சொல்வதுபோல் முந்தைய இரவு பட்டினி போடச் சொல்லவில்லை. கினிப்பன்றியால் வாந்தி எடுக்க இயலாது என்பதால் அந்தப் பட்டினிக்கு அவசியமும் இல்லை, அதன் குடலுக்கு அது கேடும்கூட.

பற்கள் சரியான மறுகணமே பழையபடி உண்ணத் தொடங்கிவிடும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். தாடைத் தசைகள் தளர்ந்து புண்பட்டிருக்கும். வலிநிவாரணியாகத் தந்த மெலோக்சிகாமுடன், நாள்தோறும் கையால் ஊட்டுவதுதான் உண்மையான சிகிச்சையாக இருந்தது. தாவர உண்ணிகளுக்கான மீட்பு உணவுத் தூளை வெதுவெதுப்பான நீரில் கூழாகக் கரைத்துக்கொள்வோம். 1 மி.லி. சிரிஞ்சின் முனையை வெட்டி, விளிம்பு கீறாதபடி தேய்த்துக்கொள்வோம். மல்லியைத் துண்டில் சுற்றி, மல்லாத்தாமல், நான்கு காலும் ஊன்றியிருக்க மடியில் அமர்த்தி, வெட்டுப் பற்களுக்குப் பின்னால் உள்ள இடைவெளியில் பக்கவாட்டாக முனையை நுழைத்துச் சிறிது மட்டும் தள்ளுவோம். தாடை அசைந்து அது மென்று விழுங்கும் வரை அடுத்த துளி இல்லை. அவசரப்பட்டால் கூழ் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 50 முதல் 80 மி.லி. வரை என்ற கணக்கில், பல வேளைகளாகப் பிரித்துக் கொடுக்கச் சொன்னார் மருத்துவர். வயிறு உப்பி இறுகியிருந்தால் மட்டும், அடைப்பு இல்லை என்று எக்ஸ்ரேயில் தெரியும் வரை எதையும் ஊட்டக் கூடாது என்றும் எச்சரித்தார்.

உடல் குளிர்ந்துபோகாமல் இருக்க, துணியில் சுற்றிய வெந்நீர்ப் புட்டியைக் கூண்டின் ஒரு பக்கத்தில் மட்டும் வைத்தோம். சூடு மிகுந்தால் அது விலகிப் போக இடம் வேண்டும் அல்லவா? மல்லி தானாக உலர்புல்லை இழுத்து மெல்லத் தொடங்கிய நாளில்தான் ஊட்டுவதைக் குறைத்தோம். முதுமையில் வந்த பல் கோளாறு முற்றிலும் நீங்குவதில்லை. சில வாரங்களுக்கு ஒருமுறை பற்களைத் தேய்க்க வேண்டியிருக்கிறது. அதற்கிடையில் எடை நிலையாக இருக்கிறது.

* * *

மல்லியைப் பற்றி எழுதிய சகோதரிக்கு நன்றி. எங்கள் கரியனுக்கு நேர்ந்தது வேறு வகை. ஐந்து வயதைக் கடந்த ஆண் கினிப்பன்றியான அது, சிறுநீர் கழிக்கும்போது மட்டும் முதுகை வளைத்து, மெல்லிய, நீண்ட கீச்சொலியை எழுப்பத் தொடங்கியது. விரித்திருந்த வெள்ளைத் துணியில் இளஞ்சிவப்புக் கறை தெரிந்தது. கினிப்பன்றியின் சிறுநீர் காய்ந்த இடத்தில் வெண்மையான மெல்லிய பொடி படிவது இயல்புதான். அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால், விரலால் தேய்க்கும்போது மணலைப் போல நறநறத்தாலோ, இரத்தம் கலந்திருந்தாலோ அது கல்லின் அறிகுறியாக இருக்கக்கூடும்.

எக்ஸ்ரேயில் சிறுநீர்ப்பையில் ஒரு கல் பளிச்சென்று தெரிந்தது. இவ்வினத்தில் உண்டாகும் கற்கள் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டால் ஆனவை என்பதால் எக்ஸ்ரேயில் தப்புவதில்லை. பெண் விலங்குகளில் சிறிய கல் சில சமயம் தானாக வெளியேறிவிடும். ஆணுக்குச் சிறுநீர்க் குழாய் நீண்டு குறுகியிருப்பதால், நகர்ந்து வரும் கல் வழியிலேயே சிக்கிச் சிறுநீரை அடைத்துவிடும். அப்படி அடைத்துவிட்டால் மணிக்கணக்கில்கூடத் தாமதிக்க இயலாது.

இந்த வயதில் அறுவைச் சிகிச்சை தேவையா என்று உறவினர்கள் கேட்டார்கள். வயது மட்டுமே காரணமாக மறுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. இரத்தப் பரிசோதனையில் சிறுநீரகங்கள் நன்றாக இயங்குவதாகத் தெரிந்த பிறகே ஒப்புக்கொண்டோம். தெரிந்திருக்காவிட்டால் வலிநிவாரணியோடு நிறுத்தியிருப்போம். கரியன் தேறிவிட்டது. மீண்டும் கல் உருவாகும் வாய்ப்பு அதிகம் என்பதால், கால்சியம் மிகுந்த குதிரைமசால் புல்லைத் தவிர்த்துத் திமோத்தி புல்லை முதன்மையாக்கினோம். நீர்ச்சத்துள்ள தழைகளைக் கூட்டினோம். கால்சியத்தை அறவே நீக்கிவிடலாம் என்று சிலர் சொல்வது சரியன்று. அது எலும்பையும் பற்களையும் கெடுக்கும்.

இன்னொன்றை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆயினும் ஆண் கினிப்பன்றியை முதுமை வரை வளர்ப்பவர்களுக்கு இது அவசியம். ஆசனவாயைச் சூழ்ந்த தசைகள் தளர்ந்துபோவதால், கினிப்பன்றி ஊட்டத்துக்காகத் தானே திரும்ப உண்ணும் மென்புழுக்கை உள்ளேயே திரண்டு உருண்டையாகத் தங்கிவிடுகிறது. மருத்துவர் செய்துகாட்டியபடி, வெதுவெதுப்பான நீரில் நனைத்த மெல்லிய துணியும் சிறிது லிக்விட் பாரஃபினும் கொண்டு நாள்தோறும் அதை மெல்ல அகற்றி வருகிறோம். துர்நாற்றம் கடுமையாக இருக்கும். கரியனோ சற்றும் பொருட்படுத்தாமல் தழையை மென்றுகொண்டிருக்கும்.

* * *

ஒரு சுருக்கமான எச்சரிக்கை. எங்கள் மூத்த கினிப்பன்றிக்கு மூக்கில் சளி வடிந்தபோது, சிறு பிராணிகளை அதிகம் பார்த்திராத ஒரு மருத்துவர் அமாக்சிசிலினை வாய்வழி மருந்தாக எழுதிக்கொடுத்தார். பென்சிலின் குடும்பத்து மருந்துகளும், கிளிண்டாமைசின், லின்கோமைசின், எரித்ரோமைசின் போன்றவையும் கினிப்பன்றியின் குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்களை அழித்து, நச்சை உண்டாக்கும் கிளாஸ்டிரிடியம் என்ற பாக்டீரியா பெருக வழிவகுத்து, சில நாள்களில் உயிரையே பறித்துவிடும். இதைப் பணிவாக எடுத்துச் சொன்னதும், அவர் நூலைப் புரட்டிப் பார்த்துவிட்டு என்ரோஃபிளாக்சசினாக மாற்றித் தந்தார். மருந்துச் சீட்டைக் கையில் வாங்கியதும் பெயரைப் படித்துப் பாருங்கள், கேட்பதற்குத் தயங்காதீர்கள்.

* * *

மூச்சுத்திணறல் என்றால் உடனே சளி, நுரையீரல் தொற்று என்று முடிவுகட்டிவிடுகிறோம். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். எங்கள் சோளிக்கு அப்படி இல்லை. மூக்கில் நீர் வடியவில்லை, தும்மல் இல்லை. ஆனால், ஓய்ந்து படுத்திருக்கும்போதும் விலாப்பக்கம் வேகமாக ஏறி இறங்கியது, கூண்டின் குறுக்கே நடந்தாலே நடுவில் நின்றுவிட்டது. கினிப்பன்றி மூக்கால் மட்டுமே மூச்சுவிடப் பழகிய பிராணி. அது வாயைத் திறந்து மூச்சுவிடுவதைக் கண்டால் நிலைமை எல்லை மீறிவிட்டது என்று பொருள். சோளி அந்த நிலைக்குப் போவதற்கு முன்பே எடுத்த எக்ஸ்ரேயில் இதயம் பருத்து, நுரையீரலில் நீர் கோத்திருப்பது தெரிந்தது. நீரை வெளியேற்றும் ஃபுரோசமைடு கொடுத்ததும் மூச்சு சீரானது. பிறகு இதயத்தின் இயக்கத்துக்கு உதவும் பிமோபென்டானும் சேர்க்கப்பட்டது. எடுக்கும்போது மார்பை அழுத்தாமல் இருப்பது, அறையின் வெப்பம் 25 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது, தண்ணீரும் புல்லும் இரண்டு எட்டில் கிடைக்கும்படி வைப்பது ஆகியவையே எங்கள் பங்கு.

சில மாதங்கள் நன்றாகவே கழிந்தன. பின்னர் மருந்தின் அளவைக் கூட்டியும் பயனில்லாமல் போனது. இரவில் படுக்க முடியாமல் தலையை உயர்த்தியபடியே அமர்ந்திருந்தது. கையால் ஊட்டியதையும் விழுங்க மறுத்தது. மருத்துவர் முன்னமே எங்களிடம் ஒரு கேள்வியைக் கொடுத்திருந்தார்: அது விரும்பிச் செய்யும் செயல்களில் எத்தனை எஞ்சியிருக்கின்றன? உலர்புல்லில் முகத்தைப் புதைப்பது, துணையின் அருகில் படுப்பது, எங்கள் குரலுக்குப் பதில் தருவது எல்லாம் ஒவ்வொன்றாகப் போயிருந்தன. முதலில் ஆழ்ந்த மயக்கம் தந்து, அதன் பிறகே இறுதி ஊசி போடும்படி கேட்டுக்கொண்டோம். அந்த வரிசையை முன்கூட்டியே கேட்டு உறுதிசெய்துகொள்ளும்படி மற்றவர்களுக்கும் சொல்வேன்.

* * *

பெண் கினிப்பன்றி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இரு விலாப்புறமும் அரிப்பே இல்லாமல் ஒரே அளவாக மயிர் கொட்டினால், தோல் நோய் என்று களிம்பு தடவிக்கொண்டிருக்காமல் சினைப்பை நீர்க்கட்டிகளுக்காக ஸ்கேன் எடுத்துப் பாருங்கள். வயதான பெண் விலங்குகளில் இது மிகவும் பரவலானது. நன்றாக உண்டும் இளைத்துக்கொண்டே போய், ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாமல் அலைந்தால் தைராய்டையும் சோதிக்கச் சொல்லலாம். எங்கள் பிராணிக்கு இவ்விரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இரண்டையும் அதன் வயதின் மீது போட்டுவிட்டு இருந்திருக்க முடியும்.

வைட்டமின் சி எவ்வளவு, எப்படிக் கொடுப்பது என்றும் சிலர் கேட்டிருந்தார்கள். மனிதரைப் போலவே கினிப்பன்றியின் உடலும் அதைத் தானாக உற்பத்தி செய்துகொள்ளாது. ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 10 முதல் 30 மி.கி. வரை தேவை, நோயுற்ற காலத்தில் மேல் அளவை மருத்துவர் முடிவுசெய்வார். தண்ணீரில் கலந்து வைத்தால் அது விரைவில் சிதைந்துவிடுவதோடு, சுவை மாறுவதால் தண்ணீர் குடிப்பதே குறைந்துவிடும். வாயில் நேரடியாகக் கொடுப்பதே நல்லது.

* * *

சோளியின் துணையைப் பற்றி மேலே எழுதிய நண்பர் சொல்லவில்லை. ஆதலால் எங்கள் அனுபவத்தைச் சேர்க்கிறேன். இணைந்து வாழ்ந்த இரண்டில் ஒன்று இறந்துபோனபோது, மற்றதும் உண்பதைக் குறைத்துக்கொண்டது. அதுவும் வயதானதே. துயரம் என்று விட்டுவிடாமல் அதையும் நாள்தோறும் நிறுத்துப் பார்த்தோம். எடை சரியத் தொடங்கியதுமே சிரிஞ்சால் ஊட்டினோம். சிகிச்சைக்குக் கொண்டுசெல்லும்போதும் இரண்டையும் ஒரே பெட்டியில் கொண்டுபோவதுதான் எங்கள் வழக்கம். தனியே போன விலங்கு அச்சத்தில் அங்கேயே உண்ண மறுப்பதைப் பார்த்திருக்கிறோம்.

புதிய துணை ஒன்றைச் சேர்ப்பதாக இருந்தால், அமைதியான இயல்புள்ள, கூடுமானவரை வயதில் மூத்த ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு மூன்று வாரங்கள் வேறு அறையில் வைத்துப் பார்த்த பிறகே அறிமுகப்படுத்துங்கள். போர்டெடெல்லா போன்ற நுரையீரல் தொற்றுக் கிருமிகள் நலமாகத் தோன்றும் விலங்கிலும் ஒளிந்திருக்கும். முயல்களும் நாய்களும்கூட நோயின்றியே அவற்றைச் சுமக்கக்கூடும் என்பதால், அவை உள்ள வீட்டில் முதிய கினிப்பன்றியின் கூண்டைத் தனி அறையில் வைப்பதே பாதுகாப்பு.