விமானிகளுக்குக் கூட்டிய அதே விழுக்காட்டைக் கேபின் பணியாளர்கள் கேட்பது சரியா?

கோத்தகிரிவாசி:
அனைவருக்கும் வணக்கம். என் மகள் ஒரு தனியார் விமான நிறுவனத்தில் ஆறு ஆண்டுகளாகக் கேபின் பணியில் இருக்கிறாள். அண்மையில் விமானிகளின் ஊதியத்தைக் கூட்டிய நிர்வாகம், இவர்களிடம் கையை விரித்துவிட்டது. விமானிகள் பெற்ற அதே விழுக்காட்டைக் கேட்க வேண்டும் என்று இவர்களது சங்கத்தில் ஒரு சாராரும், பயணிகளை ஏற்றும் நேரத்துக்கு முதலில் கூலி கேட்க வேண்டும் என்று மற்றொரு சாராரும் நிற்கிறார்கள். விமானிகளின் சங்கமோ பட்டும் படாமலும் இருக்கிறது. விடுப்பில் வந்திருப்பவள் என்னிடம் யோசனை கேட்கிறாள். எனக்குத் தேயிலையைத் தவிர வேறு எதுவும் தெரியாது.

குன்னூர் பழைய கார்டு:
ஐயா, நான் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவன். எஞ்சின் ஓட்டுநருக்கும் எங்களுக்கும் ஓடிய தூரத்தை வைத்தே படி கணக்கிடப்பட்டாலும், சங்கங்கள் தனித்தனியாகத்தான் இருந்தன. நம் மலை ரயிலையே பாருங்கள்: கல்லாறிலிருந்து குன்னூர் வரை எஞ்சின் பின்னாலிருந்து தள்ள, ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நிற்கிறார். இவர்களில் யாருடைய வேலை பெரிது என்று வாதிடத் தொடங்கினால் முடிவே வராது.

விழுக்காட்டுக் கணக்கில் ஒரு சூழ்ச்சி உண்டு. ஒரு பேச்சுக்கு, 4 லட்சம் வாங்குபவருக்கும் 60,000 வாங்குபவருக்கும் 25 விழுக்காடு கூட்டினால், அவருக்கு ஒரு லட்சம் ஏறும், இவருக்கு 15,000தான் ஏறும். இடைவெளி விரிந்துகொண்டே போகும். மேலும், கேப்டன்கள் விலகுவதற்கு 12 மாதமும் துணை விமானிகள் 6 மாதமும் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்று 2017இல் விதி வந்ததே, அவர்களுக்கு உடனடியாக மாற்று ஆள் கிடைப்பதில்லை என்பதனால்தான். அந்தப் பிடி கேபின் பணியாளர்களுக்கு இல்லை.

அரவேணு:
நான் இரண்டாவது சாராரின் பக்கம். கிலோக் கணக்கில் இலை எடுப்பவர்களுக்கு, மூட்டையோடு எடைக்காகக் காத்திருக்கும் நேரம் காசாவதில்லை அல்லவா? பறக்கும் மணிக்கான படியும் பல நிறுவனங்களில், நிற்கும் விமானம் உருளாமலிருக்க வைக்கும் சக்கரக் கட்டையை எடுத்தபின் தொடங்கி, மீண்டும் கட்டை போடும்போது முடிந்துவிடுகிறது. இருக்கை தேடித் தருவது, பெட்டிகளை அடுக்க உதவுவது, கதவு மூடுமுன் செய்யும் பாதுகாப்புச் சோதனைகள் ஆகிய எவையும் அந்தக் கணக்கில் வருவதில்லை.

ஏர் கனடாவில் 2024இல் விமானிகள் நான்கு ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 42 விழுக்காடு உயர்வு பெற்றார்கள். மறு ஆண்டு ஆகஸ்டில் 10,000க்கும் மேற்பட்ட கேபின் பணியாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, ஊதிய உயர்வோடு அவர்கள் முன்வைத்த முழக்கம் இந்தத் தரை நேரத்துக்கான கூலியைப் பற்றியது. பணிக்குத் திரும்பும்படி வந்த அரசு ஆணையையும் மீறி நின்று, தரை நேரத்துக்குப் பாதி வீதத்தில் கூலி பெற்றார்கள். ஊதியப் பகுதியைப் பின்னர் உறுப்பினர்களே பெருவாரியாக நிராகரித்தது வேறு கதை. அமெரிக்காவில் டெல்டா நிறுவனம் 2022 முதலே பயணிகள் ஏறும் நேரத்துக்குப் பாதிக் கூலி தருகிறது.

உதகை வழக்காடி:
எதைக் கேட்டாலும் திடீரென்று கூட்டாக விடுப்பு எடுக்க வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள். 2024 மே மாதம் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸில் கேபின் பணியாளர்கள் ஒரே நேரத்தில் நோய் விடுப்பு எடுத்தபோது சுமார் 25 பேர் நீக்கப்பட்டு, தொழிலாளர் ஆணையர் முன் நடந்த சமரசத்துக்குப் பிறகே மீண்டும் சேர்க்கப்பட்டார்கள். 2025 நவம்பர் 21 முதல் நடப்பிலுள்ள தொழிலுறவுச் சட்டத்தொகுப்பின்படி, பாதிப்பேரோ அதற்கு மேலோ ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுப்பதும் வேலைநிறுத்தமே. அதற்கு 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும்.

கோத்தகிரிவாசி:
மிக்க நன்றி. அரவேணு நண்பர் எழுதியதைப் படித்துக் காட்டியபோது, தங்கள் விமானிகளின் படியும் கட்டை எடுத்த பிறகுதான் தொடங்குகிறது என்று மகள் சொன்னாள். அப்படியானால் இதை இரண்டு சங்கங்களும் சேர்ந்தே கேட்கலாமே?

குன்னூர் பழைய கார்டு:
கேட்கலாம், ஆனால் வெறுங்கையோடு போக வேண்டாம். கடந்த மூன்று மாதப் பணிப்பட்டியலை எடுத்து, பணிக்கு வந்த நேரத்துக்கும் கட்டை எடுத்த நேரத்துக்கும் உள்ள இடைவெளியை நாள்வாரியாகக் குறித்துக் கூட்டச் சொல்லுங்கள். பத்துப் பேருடைய கணக்கு சேர்ந்ததும், விமானிகள் சங்கத்தின் செயலாளரை நேரில் சந்திக்கட்டும்.