புதுப்பிப்பு: மாதம் 500 ரூபாய்க்குள் குடியரசு நாணய வகைத் தொகுப்பு

கிருஷ்ணகிரியில் இருந்தபடியே மாதம் 500 ரூபாய்க்குள், 1950 முதல் வெளியான குடியரசு நாணயங்களில் வகைக்கு (மதிப்பும் வடிவமைப்பும் சேர்ந்தது ஒரு வகை) ஒன்று வீதம் சேர்க்க இயலுமா என்று முன்பு கேட்டிருந்தேன். ஆண்டையும், எந்த நாணயச்சாலையில் அச்சானது என்று காட்டும் குறியையும் துரத்தாமல் வகையை மட்டும் பார்க்குமாறு பலர் சொன்ன யோசனையின்படி நடந்ததில், அணா வரிசை ஏறக்குறைய முடிந்துவிட்டது.

பழையபேட்டையில் ஒரு பாத்திரக் கடைக்காரர் தட்டில் கொட்டிய சில்லறையிலிருந்து குதிரை பொறித்த வெண்கலக் காலணாவும், காளை பொறித்த, மூலை மழுங்கிய சதுர இரண்டணாவும் கிடைத்தன. அணாவுக்குப் பின் வந்த, 1957 முதல் 1963 வரையிலான நயா பைசாக்களும், 1964 இல் வந்த அறுகோண 3 பைசாவும் மலிவாகவே அகப்படுகின்றன. 25 பைசாவும் அதற்குக் கீழானவையும் 2011 ஜூன் 30 உடன் செல்லாமல் போனதால், வீடுகளில் தேங்கியவை இன்னும் கடைக்கு வருகின்றன.

தாமரை பொறித்த மஞ்சள் நிற 20 பைசாவில் மட்டும் கவனம் தேவைப்பட்டது. புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கியதைப் புதுக்காசு என்று விற்கிறார்கள் (இதற்குக் கூடுதல் விலை வேறு!), உருப்பெருக்கியில் பார்த்தால் இதழ்களுக்கிடையே மெல்லிய கீறல்கள் ஒரே திசையில் ஓடுவது தெரியும் என்பதால், இயல்பாக மங்கிய காசையே எடுத்தேன்.

பிவிசி என்ற பிளாஸ்டிக்கால் ஆன உறைகள் செம்பில் பச்சைக் கசிவை உண்டாக்குவதால் அனைத்தையும் மைலார் (பாலியெஸ்டர் படலம்) உறைக்கு மாற்றிவிட்டேன். நிக்கல் ஒரு ரூபாய்க்குச் சொல்லும் விலை என் வரம்பைத் தாண்டுகிறது. இரண்டு மாதப் பணத்தைச் சேர்த்து அதை வாங்குவதாக இருக்கிறேன்.