மறு: ‘டேப்பரிங்’குக்குத் தமிழ்ச்சொல் – ‘படியிறக்கம்’ சரிவருமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வலிக்குத் தரும் ஓபியாய்டு (மார்பின் போன்ற அபின் வகை) மருந்தின் அளவைச் சிறிது சிறிதாகக் கீழே கொண்டுவருவதை ஆங்கிலத்தில் ‘டேப்பரிங்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற நம் பேச்சில் இதுவரை ‘கூம்பல்’, ‘போதைநீக்கம்’, ‘மருந்துக்குறைப்பு’ என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. நான் ‘படியிறக்கம்’ என்பதை முன்வைக்கிறேன்.

டொரன்டோவில் ஒரு குடும்ப மருத்துவரின் கிளினிக்கில் உரைபெயர்ப்பாளராக இருந்தேன். பல வருடமாக முதுகுவலிக்கு ஆக்சிகோடோன் என்ற ஓபியாய்டு மாத்திரை எடுத்துவரும் ஒரு அம்மா. டாக்டர் ‘டேப்பர்’ செய்யலாம் என்றார். நான் “மருந்தைக் குறைக்கப் போகிறார்கள்” என்று சொல்லிவிட்டேன். அவர் மடியிலிருந்த மாத்திரைப் போத்தலை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். “நிப்பாட்டப் போகினமோ தம்பி? அப்ப இரவில நான் எப்படி நித்திரை கொள்ளுறது?”

தவறு என் சொல்லில் இருந்தது. சம்பளக் குறைப்பு, ரேஷன் குறைப்பு என்று கேட்டுப் பழகிய காதுக்குக் ‘குறைப்பு’ என்றாலே யாரோ மேலிருந்து வெட்டுகிற மாதிரிதான் கேட்கும்.

‘போதைநீக்கம்’ வேண்டவே வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். டாக்டர் எழுதிக் கொடுத்ததைச் சொன்ன அளவில் விழுங்கியவரை அந்தச் சொல் குற்றவாளியாக்கிவிடும். நெடுநாள் எடுத்தால் உடம்பு மருந்துக்குப் பழகும். சட்டென்று விட்டால் வியர்க்கும், மயிர்க்கூச்செறியும், வயிற்றால் போகும், தூக்கம் வராது. இது உடற்சார்பு. அடிமைநோய் வேறு. ‘கூம்பல்’ அழகான சொல்தான். ஆனால் தாமரை கூம்புவதை வைத்து மாத்திரைக் கணக்கு யாருக்கும் விளங்காது.

‘படி’யில் எனக்குப் பிடித்தது, அதில் நிற்க இடம் இருப்பது. 2017இல் வந்த கனடிய ஓபியாய்டு மருத்துவ வழிகாட்டி, மருந்தளவை 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை 5 முதல் 10% வரை இறக்கச் சொல்கிறது. நாளுக்கு 60 மி.கி. மார்பின் எடுப்பவருக்கு முதல் படி 54க்கும் 57க்கும் இடையில் வரும். சிறிதளவு இறக்கியதற்கே வலி கூடி, அது ஒரு மாதத்துக்கு மேலும் நீடித்தால், படியிறக்கத்தை அங்கேயே நிறுத்திவைக்கலாம், தேவைப்பட்டால் அதைக் கைவிடவும் செய்யலாம் என்றும் அதே வழிகாட்டி சொல்கிறது. அமெரிக்காவில் 2022இல் திருத்திய வழிகாட்டி, ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தவர்களுக்கு மாதம் 10% அல்லது அதைவிட மெதுவாகப் போதும் என்கிறது. அதற்கு முந்தைய 2016 வழிகாட்டியின் அளவெல்லைகளை டாக்டர்கள் சட்டம்போல் பிடித்துக்கொண்டதால், மருந்து சட்டென நிறுத்தப்பட்டவர்கள் பட்ட பாட்டுக்குப் பிறகு வந்த திருத்தம் அது. வேகமாக இறங்கினால் விழுவோம் என்பதையும் ‘படி’ தானாகவே சொல்லிவிடுகிறது, இல்லையா?

குடலிறக்கம், கருப்பை இறக்கம் என்று ‘இறக்கம்’ ஏற்கெனவே நோய்ப்பெயராக இருக்கிறதே என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. முன்னால் ‘படி’ சேர்ந்துவிட்டால் அந்தக் குழப்பம் வராது என்று நினைக்கிறேன். ஆனால் சேர்த்தே எழுத வேண்டும். அப்புறம், மருந்தைத் தொடங்கும்போது அளவைக் கூட்டுவதற்குப் ‘படியேற்றம்’ என்று இணைச்சொல்லும் கிடைக்கிறது. ‘படியிறக்கலாம்’, ‘படியிறக்கி வருகிறோம்’ என்று வினையாகவும் புழங்கும்.

நோயாளிக் கையேட்டில் இப்படி எழுதிப் பார்த்தேன்: “உங்கள் மருந்தைப் படியிறக்கப் போகிறோம். ஒவ்வொரு படியிலும் உங்களிடம் கேட்டுவிட்டே அடுத்த படிக்குப் போவோம்.” யாழ்ப்பாணத்து நண்பர்கள் இதை வீட்டில் பெரியவர்களிடம் வாசித்துக்காட்டி, காதுக்கு எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.