டொமினிகா: இரண்டு பகலில் பாய்லிங் லேக் (கொதிக்கும் ஏரி) நடை முடியுமா? கூட முழங்கால் வலியுள்ள மாமனார்

தெக்கத்திக்காரன் (கேள்வி)
குவாதலூப்பிலிருந்து ஃபெர்ரியில் வெள்ளி மாலை டொமினிகா தலைநகர் ரோசோ வந்து இறங்குகிறோம். திங்கள் காலை கிளம்ப வேண்டும். நான், மனைவி, மச்சான், 67 வயது மாமனார். சனி காலை 10 மணிக்கு பாய்லிங் லேக், திரும்பும் வழியில் டிராஃபல்கர் அருவி, சாயங்காலம் ஷாம்பெயின் ரீஃபில் ஸ்நார்க்கெலிங். ஞாயிறு எமரால்ட் பூல். சரியாக வருமா? வழிகாட்டி வேண்டுமா, ஆஃப்லைன் மேப் போதுமா?

மலைப்பாதை
திட்டம் அந்த 10 மணியிலேயே உடைகிறது சார். லோடா ஊருக்கு மேலே டீட்டூ கோர்ஜ் (தண்ணீர் ஓடும் குறுகிய பாறைப் பிளவு) பக்கத்தில் நடை ஆரம்பிக்கிறது. போக வர ஏறத்தாழ 13 கி.மீ., 6 முதல் 7 மணி நேரம். 10 மணிக்குக் கிளம்பினால் இருட்டுகிற நேரத்தில் சேற்றுப் படியில் நிற்பீர்கள். 8 மணிக்குள் நடக்கத் தொடங்கிவிடுங்கள். அன்றைக்கு வேறு எதுவும் வைக்காதீர்கள். ரீஃபுக்கு ஞாயிறு போங்கள்.

முதல் ஒரு மணி நேரம் காடுதான், சுலபம். பிரேக்ஃபாஸ்ட் ரிவர் வந்ததும் பாட்டிலை நிரப்பிக்கொள்ளுங்கள், வழியில் குடிக்க ஏற்ற கடைசித் தண்ணீர் அதுதான். அதற்கப்புறம் வரும் ஓடைகளில் கந்தகமும் தாதுக்களும் கலந்திருக்கும். அங்கிருந்து மோர்ன் நிக்கோல்ஸ் உச்சிவரை மரக்கட்டை வைத்த படிகள். ஒவ்வொன்றும் உயரம், கட்டைக்குப் பின்னால் மண் கரைந்து சேற்றுக்குழி. ஏறும்போது மூச்சு வாங்கும், அவ்வளவுதான். இறங்கும்போதுதான் முட்டி போகும்.

உச்சி தாண்டியதும் வேலி ஆஃப் டெசலேஷன் என்ற எரிமலைப் பள்ளத்தாக்குக்குள் செங்குத்தான இறக்கம். கல் எல்லாம் உதிரி. ஒருவர் இறங்கி முடித்தபிறகு அடுத்தவர் இறங்கட்டும்.

வழிகாட்டி கேட்டீர்கள். பள்ளத்தாக்குக்குள் மேப்பை நம்பவே நம்பாதீர்கள். மண் சரிந்தால் தடம் மாறும், ஆவித்துளைகளும் இடம் மாறும். காய்ந்த தரைபோலத் தெரியும் மேலோடு சில இடங்களில் மெல்லிசு, அடியில் கொதிக்கிற சேறு. கால் உள்ளே போனால் தோல் வெந்துவிடும். வழிகாட்டி வைத்த காலடியிலேயே காலை வையுங்கள். அங்கே ஊற்றில் முட்டை அவித்துத் தருவார்கள், வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

தெக்கத்திக்காரன்
நன்றி சார். ஏரியை ஆவி மறைத்துவிட்டது, ஒன்றுமே தெரியவில்லை என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். அதற்கு என்ன செய்வது?

மலைப்பாதை
காத்திருப்பதுதான் வழி. ஏரி சுமார் 60 மீட்டர் அகலம். அடியில் எரிமலை வாயு வெளியேறும் துளை, அதன்மேல் தண்ணீர் தேங்கியிருக்கிறது. ஓரத்திலேயே 82 முதல் 92 டிகிரி இருக்கும், நடுவில் கொப்புளித்துக்கொண்டே இருக்கும். காற்று வீசினால் திரை விலகும், அரை நிமிடத்தில் மறுபடி மூடும். கேமராவைத் தயாராக வைத்து 20 நிமிடம் உட்காருங்கள். லென்ஸில் ஆவி படியும், துடைக்கக் காய்ந்த துணி ஒன்று பிளாஸ்டிக் பையில் இருக்கட்டும். விளிம்பிலிருந்து எட்டிப் பார்க்க வேண்டாம், மண் உதிரும். 2004 டிசம்பரில் தண்ணீர் சடாரென்று இறங்கி, பிறகு மறுபடி நிரம்பியது. அப்படிப்பட்ட காலத்தில் கீழே இறங்கவே கூடாது: 1901-ல் ஏரிக்கரையில் வாயு தாக்கி இரண்டு பேர் இறந்திருக்கிறார்கள்.

உப்புக்காற்று
ஒன்று விட்டுப்போச்சு. உங்கள் மனைவி மெட்டி, கொலுசு போட்டிருந்தால் அறையிலேயே கழற்றி வைக்கச் சொல்லுங்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு பட்டால் வெள்ளி கறுத்துவிடும். வாட்டன் வேவன் கந்தகக் குளியலுக்கும் இது பொருந்தும்.

மாமனாருக்கு அந்த வாட்டன் வேவன்தான் சரியான இடம். நீங்கள் மூன்று பேர் மலைக்குப் போகும்போது அவரை டாக்ஸியில் டிராஃபல்கருக்கு அனுப்புங்கள். நுழைவிலிருந்து பார்வை மேடைக்கு 10-15 நிமிடம் மெதுவான நடை. இரட்டை அருவியும் மேடையிலிருந்தே தெரியும். அதைத் தாண்டிப் பாறைமேல் ஏற அவரை விடாதீர்கள், வழுக்கும். பிறகு வெந்நீர்க் குளியல், ஒரு முறைக்கு 10 நிமிடம் போதும். பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர் என்றால் முதலில் டாக்டரைக் கேளுங்கள். சுற்றுலாக் கப்பல் வரும் நாளில் 10 முதல் 2 வரை கூட்டம் நெரியும், துறைமுக அட்டவணையைப் பார்த்து நேரத்தைத் தள்ளிவையுங்கள்.

டாக்ஸிக்காரர் "ஐம்பது டாலர்" என்றால் எந்த டாலர் என்று ஏறும் முன்பே கேளுங்கள். ஒரு அமெரிக்க டாலர் 2.70 ஈ.சி. டாலர் (இங்குள்ள கிழக்குக் கரீபியன் டாலர்).

தெக்கத்திக்காரன்
டீட்டூ கோர்ஜில் நீந்தலாமா? ஷாம்பெயின் ரீஃபுக்கு பஸ் உண்டா?

உப்புக்காற்று
டீட்டூவில் மழை இல்லாத நாளில் மட்டும். மேலே மலையில் பெய்தாலும் குறுகிய பிளவுக்குள் வெள்ளம் திடீரென்று வரும், தப்பிக்க ஓரம் கிடையாது. தண்ணீர் கலங்கினால் உடனே வெளியே வாருங்கள். நடை முடித்து வந்து நீந்துவதுதான் வழக்கம். நுழைவோரம் வெந்நீர் ஊற்றும் உண்டு, கால் வலிக்கு நல்லது.

ரீஃப் புவாண்ட் மிஷெலுக்குத் தெற்கே. ஞாயிறு மினிபஸ் அரிது, கடைகளும் மூடியிருக்கும். சனியே டாக்ஸி பேசி, தண்ணீரும் ரொட்டியும் வாங்கி வையுங்கள். கரை முழுக்க உருளைக்கல், பாறையில் கறுப்புக் கடல்முள்ளெலி. ரப்பர் செருப்பு இல்லாமல் இறங்காதீர்கள். கடலடியிலிருந்து எரிமலை வாயு குமிழியாக வரும் இடம் கரையோரமே, ஆழம் குறைவு. காலை 9-க்கு முன் போனால் அலை அடங்கி, தண்ணீர் தெளிவாக இருக்க வாய்ப்பு அதிகம். எமரால்ட் பூலை அன்று மதியத்துக்கு மாற்றுங்கள், நேரம் போதும்.

கார் எடுப்பதானால், இங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். உள்ளூர் தற்காலிக பெர்மிட் வாங்கிக்கொள்ளுங்கள்.