முதல் நாளே சாவிக்கொத்தைக் கையில் கொடுத்தார்கள்

நூலக அறிவியலில் எம்.லிப். ரிசல்ட் வந்து மூன்று வாரத்தில் நூலகர் வேலை கிடைத்துவிட்டது. கோவைப் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரி. பெயர் வேண்டாம். இன்டர்வியூவில் நூல் பகுப்பு, பட்டியலாக்கம் எதைப் பற்றியும் கேட்கவில்லை. நூலகத்துக்கான கோஹா சாஃப்ட்வேர் தெரியுமா, அடுத்த மாசம் இன்ஸ்பெக்‌ஷன், ஞாயிற்றுக்கிழமையும் வர முடியுமா, அவ்வளவுதான் கேள்வி.

சேர்ந்த அன்று ஆபீசில் ஒருவர் பதினோரு சாவி கோத்த வளையத்தையும் ஒரு தாளையும் நீட்டினார். 'நூலகத்திலுள்ள 18,640 நூல்களையும் சரிபார்த்துப் பெற்றுக்கொண்டேன்' என்று டைப் அடித்திருந்தது. எனக்கு முன்னால் இருந்தவர் இரண்டு மாதம் முன்பே வேலையை விட்டுப் போய்விட்டார். நான் அதுவரை ஒரு புத்தகத்தின் முதுகைக்கூடப் பார்க்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டேன். அம்மாவுக்கு போன் பண்ணும் அவசரம்.

முதல் வாரம் யாருமே வரவில்லை. 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான, நூலக அறிவியலின் முன்னோடி ரங்கநாதனே வெறுமை தாங்காமல் மாநிலக் கல்லூரிக்குத் திரும்பிப் போய்ப் பழைய வாத்தியார் வேலையையே கேட்டார் என்று வகுப்பில் சொன்னபோது சிரித்திருக்கிறோம். அந்த வாரம் சிரிப்பு வரவில்லை.

அப்புறம் பதிவேடுகளைப் பிரித்தேன். தமிழ்ப் பெயருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அதனால் இனிஷியலைப் பின்னால் போட்டு 'சுப்பிரமணியன், கே.' என்று பதிய வேண்டும் என்பதைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்திருந்தேன். அங்கே எல்லாரும் இனிஷியலில் ஆரம்பித்திருந்தார்கள். கே-யில் பாதி உலகம், எஸ்-ஸில் மீதி. ஒரு பையன் சுஜாதா கேட்டான். இல்லை என்று அனுப்பிவிட்டேன். இரண்டு நாள் கழித்து 'எஸ். ரங்கராஜன்' என்ற பெயரில் அவருடைய புத்தகங்கள் ஒரு வரிசையே இருந்ததைப் பார்த்தேன். புனைபெயர் பிரபலம் என்றால் அதிலேயே பதிய வேண்டும் என்பதும் படித்ததுதான். பையனைத் தேடிப் பிடித்துக் கொடுத்தேன்.

இன்ஸ்பெக்‌ஷன் கதை எல்லாக் கல்லூரியிலும் ஒன்றுதான். டைட்டில் (வெவ்வேறு புத்தகம்) எத்தனை, வால்யூம் (மொத்தப் பிரதி) எத்தனை என்று கேட்பார்கள். ஒரே புத்தகம் நாற்பது காப்பி வந்து இறங்கும். ராத்திரி முழுக்க ஒவ்வொன்றுக்கும் அக்சஷன் நம்பர், அதாவது பதிவேட்டு எண், போடுவோம். விடுங்கள்.

சொல்ல வந்தது பீரோ விஷயம். விலை கூடிய புத்தகங்களெல்லாம் கண்ணாடி பீரோவில் பூட்டிக் கிடந்தன. புத்தகம் தொலைந்தால் லைப்ரரியன் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்று அட்டெண்டர் அண்ணன் சொன்ன நாளிலிருந்து நானும் திறப்பதில்லை. மூன்றாம் வருட மெக்கானிக்கல் பையன் ஒருவன் ஒரு ஹேண்ட்புக் கேட்டு மூன்று முறை வந்தான். "நாளைக்கு வாப்பா" என்று மூன்று முறையும் சொன்னேன். நான்காவது முறை வரவில்லை. 'நூல்கள் பயன்பாட்டிற்கே' என்று ரங்கநாதனின் முதல் நூலக விதியைப் பரீட்சையில் நான்கு பக்கம் எழுதி நல்ல மார்க் வாங்கியவள் நான்.

மே மாதம் ஸ்டாக் எடுத்தோம். 318 புத்தகம் இல்லை. பதிவேட்டைப் புரட்டினால் கடைசியாக எண்ணியது நான்கு வருடம் முன்பு. நான் வந்தே எட்டு மாதம்தான், ஆனால் தாளில் கையெழுத்து என்னுடையது. ஒரு மாதச் சம்பளத்தை நிறுத்தி வைத்தார்கள். அழுதுகொண்டே எங்கள் பேராசிரியருக்கு போன் பண்ணினேன். "ஜி.எஃப்.ஆர். 2017, விதி 215-ஐ எடுத்துப் படிம்மா" என்றார்.

மத்திய அரசின் பொது நிதி விதிகள் அவை. வருடத்தில் ஆயிரம் முறை புத்தகம் கை மாறினால் ஐந்து தொலைவது இயல்பான இழப்பு; திருட்டும் கவனக்குறைவும் காரணமாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட புத்தகமும் அரிய புத்தகமும் போனால் மட்டும் கட்டாயம் விசாரிக்க வேண்டும். 20,000 புத்தகம் வரை உள்ள நூலகம் வருடா வருடம் எண்ண வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. எங்கள் நூலகத்தில் வருடத்துக்கு ஏறக்குறைய 20,000 முறை புத்தகம் போய் வரும். அப்படியானால் வருடத்துக்கு நூறு, நான்கு வருடத்துக்கு நானூறு. 318 அதற்குள்தான். தனியார் கல்லூரியை அந்த விதி கட்டுப்படுத்தாது. ஆனாலும் பிரின்சிபால் அதைப் படித்துவிட்டுச் சம்பளத்தை விடச் சொன்னார். விலை கூடியவற்றைத் தேடிப் போனதில் அறுபது புத்தகம் துறைத் தலைவர்களின் மேஜைகளிலிருந்தே கிடைத்தது. மாணவர்களுக்குப் பயந்து பீரோவைப் பூட்டியிருந்தோம்!

*

எங்கள் பக்கம் வேறு மாதிரி, அக்கா. நான் டெல்டாவில் ஊர்ப்புற நூலகர். சார்ஜ் ஒப்படைக்கும்போது பக்கத்துக் கிளை நூலகர் இரண்டு நாள் கூடவே உட்கார்ந்து எண்ணிக் கொடுத்தார். கரையான் தின்றதைத் தனிப் பட்டியலாகவே எழுதினோம். என் தலைவலி வேறு: முன்னறையில் பேப்பர் மேஜை, சுற்றிலும் எப்போதும் பத்துப் பெருசுகள், அரசியல். அவர்களைத் தாண்டி உள்ளே வரப் பெண் பிள்ளைகளுக்குக் கூச்சம். ஒரு சனிக்கிழமை மேஜையைத் தூக்கி வெளித்திண்ணையில் போட்டேன். ஃபேன் இல்லையே என்று பெருசுகள் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. இப்போது டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்க ஆறு பெண்கள் தினமும் வருகிறார்கள். இதை எந்தப் பாடத்தில் சொல்லித் தந்தார்கள், சொல்லுங்கள்!

*

அக்கா, எனக்குத் திங்கட்கிழமை நூலகர் வேலையில் ஜாயினிங். உங்களுக்கு நீட்டிய மாதிரியே ஒரு தாளை நீட்டினால் என்ன செய்வது? கையெழுத்துப் போட மாட்டேன் என்றால் வேலை போய்விடாதா?

*

போட மாட்டேன் என்று சொல்லாதேம்மா. போடு. ஆனால் கையெழுத்துக்கு மேலே, உன் கையாலேயே 'ஸ்டாக் சரிபார்ப்புக்கு உட்பட்டு' என்று எழுதித் தேதி போடு. ஒரு ஜெராக்ஸ் எடுத்து வீட்டில் வை. முந்தைய ஸ்டாக் ரிப்போர்ட் எங்கே என்று அன்றைக்கே கடிதமாகக் கேள், வாயால் கேட்காதே. அப்புறம் சாவிகளைப் பூட்டில் போட்டுப் பார்த்து வாங்கு. எனக்குக் கொடுத்த பதினொன்றில் மூன்று எதற்கென்று எனக்கு இன்றுவரை தெரியாது.