ஹொட்ஸ்பொட் கனெக்ட் ஆகிறது, ஆனால் தங்கச்சியின் போனில் நெட் இல்லை – அவசரம்

மழைத்துளி | மாலை 5.38
என் போனிலிருந்து தங்கச்சியின் போனுக்கு ஹொட்ஸ்பொட் கொடுத்திருக்கிறேன். கனெக்ட் ஆகிறது, வைஃபை அடையாளமும் வருகிறது. ஆனால் நெட் வேலை செய்யவில்லை. நேற்று வரை நன்றாக ஓடியது. என் போனில் நெட்டுக்கு ஒரு குறையும் இல்லை. இரண்டையும் ஓஃப் பண்ணி ஓன் பண்ணியும் பார்த்துவிட்டேன். 7 மணிக்கு அவளுக்கு ஸூமில் இரசாயனவியல் வகுப்பு இருக்கிறது. தெரிந்தவர்கள் கொஞ்சம் கெதியாகச் சொல்லுங்கள்.

கடலோரக் காற்று | மாலை 5.41
உங்கள் போன் என்ன, தங்கச்சியின் போன் என்ன? அதைச் சொல்லாமல் எதையும் சொல்ல முடியாது.

கம்பியில்லாதவன் | மாலை 5.42
இது 5 கிகாஹெர்ட்ஸ் பிரச்சினை, அதாவது வைஃபை ஓடும் அலைவரிசையின் பிரச்சினை. புதுப் போன்கள் ஹொட்ஸ்பொட்டை 5 கிகாவில் கொடுக்கும், பழைய போன்களுக்கு அது எட்டாது. சுவர் ஒன்று குறுக்கே வந்தாலும் 5 கிகா சட்டென்று பலவீனமாகிவிடும். ஹொட்ஸ்பொட் செட்டிங்ஸில் பாண்ட் என்று இருக்கும், அதை 2.4 ஆக்குங்கள். எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டில் இதைச் செய்த பிறகுதான் பின்னறைக்கு நெட் போனது.

வழிப்போக்கன் | மாலை 5.44
விபிஎன், அதாவது நெட்டை வேறொரு சேர்வர் வழியாகச் சுற்றிவிடும் ஆப், ஏதாவது ஓடுகிறதா? 2022 ஏப்ரலில் இலங்கையில் சமூக ஊடகங்களை முடக்கியபோது எல்லோரும் அவசரமாக ஒன்றைப் போட்டுக்கொண்டோம். பலருடைய போனில் அது இன்னும் பின்னணியில் கிடக்கிறது. முதலில் அதைக் கழற்றுங்கள்.

மூத்த பொறியாளர் | மாலை 5.47
"நெட் வேலை செய்யவில்லை" என்பது ஒரு தகவலே அல்ல. மருத்துவரிடம் போய் "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு மருந்து கேட்பீர்களா? இங்கே பல வருடங்களாகச் சொல்லி வருகிறேன். போன் மாடல், இயங்குதளம், சிம், பக்கேஜ், திரையில் வரும் செய்தி, இவ்வளவும் எழுதிவிட்டுக் கேளுங்கள். எப்படியும் இது ஏபிஎன் விஷயம்தான், அதாவது சிம் நிறுவனத்தின் நெட்டுக்குள் போன் நுழையும் வாசலுக்கான செட்டிங். சில வலையமைப்புகளில் ஏபிஎன் டைப்பில் பகிர்வுக்கான டன் (dun) என்ற சொல் இல்லாவிட்டால் போனில் நெட் ஓடும், பகிர்ந்த போனில் ஓடாது. அடிப்படை தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல.

மழைத்துளி | மாலை 5.52
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதிவிட்டேன். என்னுடையது சாம்சங், அன்ட்ரொயிட். தங்கச்சியினுடையது ஐபோன், கனடாவிலிருந்து மாமா கொண்டுவந்தது. விபிஎன் இல்லை. இரண்டு போனும் ஒரே மேசையில்தான் இருக்கின்றன. பாண்டை 2.4 ஆக்கியும் பார்த்தேன், அப்படியேதான் இருக்கிறது.

கம்பியில்லாதவன் | மாலை 5.54
2.4 ஆக்கிய பிறகு ஐபோனில் அந்தப் பெயரை மறக்கச் சொல்லிவிட்டு, பாஸ்வேர்ட் அடித்துத் திரும்பக் கனெக்ட் பண்ணினீர்களா?

தெஹிவளை அக்கா | மாலை 5.55
மழைத்துளி, பதறாமல் ஒன்றைச் சொல்லுங்கள் அம்மா. தங்கச்சியின் போனில் எதுவுமே ஓடவில்லையா, சிலது மட்டும் ஓடவில்லையா? வட்ஸ்அப் செய்தி வருகிறதா? யூடியூப் ஓடுகிறதா?

அப்படியே ஐபோனின் வைஃபை பக்கத்தில் உங்கள் ஹொட்ஸ்பொட் பெயருக்கு அருகில் இருக்கும் வட்டத்தைத் தட்டுங்கள். ஐபி அட்ரஸ் என்ற இடத்தில் என்ன இருக்கிறது? 169.254 என்று தொடங்கினால் உங்கள் போன் அதற்கு முகவரியே கொடுக்கவில்லை என்று அர்த்தம். 192.168 மாதிரி ஒன்று இருந்தால் இரண்டு போனுக்கும் இடையில் பிழை இல்லை, தேட வேண்டியது வேறு இடத்தில்.

புறக்கோட்டை மொபைல் தம்பி | மாலை 5.58
தயவுசெய்து ஏபிஎன்னில் கை வைக்காதீர்கள். நான் புறக்கோட்டையில் போன் கடையில் நிற்கிறவன். இணையத்தில் பார்த்து ஏபிஎன்னை மாற்றிவிட்டு, இருந்த நெட்டும் போய் வருகிறவர்கள் அதிகம். டைப்பில் சொற்களுக்கு நடுவில் கொமா மட்டும்தான் இருக்க வேண்டும். அங்கே ஒரு இடைவெளி விழுந்தாலே சில போன்கள் அதை ஏற்காது. வந்தவருக்கோ தான் எதை மாற்றினார் என்பதே நினைவிருக்காது. கடைசியில் ரீசெட் டு டிஃபோல்ட் அடித்துத்தான் அனுப்புவோம். நேற்று வரை ஓடியது என்று அவரே சொல்கிறார். ஏபிஎன் இரவோடு இரவாகத் தானாக மாறாது.

மூத்த பொறியாளர் | மாலை 6.01
தம்பி, போனுக்குக் கண்ணாடி ஒட்டுவது வேறு, வலையமைப்பை விளங்கிக்கொள்வது வேறு. மென்பொருள் அப்டேட் வந்தால் ஏபிஎன் மாறும். நிறுவனம் தன் பக்கத்தில் பகிர்வைத் தடுக்கவும் முடியும். ஒவ்வொரு தரவுப் பொட்டலமும் டிடிஎல் என்று ஒரு எண்ணைச் சுமந்து போகிறது. அன்ட்ரொயிட், ஐபோன் இரண்டும் அதை 64இல் தொடங்கும். ஹொட்ஸ்பொட் கொடுக்கும் போனைக் கடக்கும்போது ஒன்று குறைந்து 63 ஆகிவிடும். நிறுவனம் 63ஐப் பார்த்ததும் இது பகிர்ந்த நெட் என்று கண்டுபிடித்துவிடும். படித்துவிட்டு வாருங்கள்.

மழைத்துளி | மாலை 6.04
அக்கா, 192.168 என்றுதான் இருக்கிறது. வட்ஸ்அப் வருகிறது. யூடியூப்பும் ஓடுகிறது, இப்போதுதான் பார்த்தோம். ஸூம் லிங்க் திறக்கவில்லை, சஃபாரியில் கூகிளும் வரவில்லை. சுற்றிக்கொண்டே இருக்கிறது.

கடலோரக் காற்று | மாலை 6.05
ஆ, இதை முதலிலேயே சொல்லியிருந்தால் அரை மணித்தியாலம் மிச்சம்! வட்ஸ்அப்பும் யூடியூப்பும் ஓடுகின்றன என்றால் ஹொட்ஸ்பொட்டில் பிழையே இல்லை.

புறக்கோட்டை மொபைல் தம்பி | மாலை 6.08
@மூத்த பொறியாளர், கண்ணாடி ஒட்டுகிறவன்தான் ஐயா. ஆனால் டிடிஎல் எனக்கும் தெரியும். கண்டுபிடிக்க முடியும் என்பது ஒன்று, கண்டுபிடித்துத் தடுக்கிறார்கள் என்பது இன்னொன்று. பகிர்வையே தடுத்திருந்தால் தங்கச்சியின் போனில் யூடியூப் எப்படி ஓடும்? அதுவும் 63ஆகத்தானே போகிறது?

தெஹிவளை அக்கா | மாலை 6.09
மழைத்துளி, இனி உங்கள் சாம்சங்கைக் கையில் எடுங்கள். உங்கள் போனில் நெட் இருக்கிறது என்று எதை வைத்துச் சொன்னீர்கள்? வட்ஸ்அப், பேஸ்புக், யூடியூப் இவற்றை வைத்தா? குரோமைத் திறந்து இதுவரை போகாத ஏதாவது ஒரு பக்கத்துக்குப் போங்கள். முன்பு பார்த்த பக்கம் என்றால் போனில் சேமித்து வைத்ததைக் காட்டி ஏமாற்றிவிடும்.

பிறகு உங்கள் சிம் நிறுவனத்தின் ஆப்பைத் திறந்து மீதியைப் பாருங்கள். மேலே பெரிதாகக் காட்டும் மொத்தத்தை நம்ப வேண்டாம், உள்ளே போய் ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். எந்த நேரமும் எதற்கும் பாவிக்கும் எனி டைம் எவ்வளவு, நைட் எவ்வளவு, சமூக ஊடகத்துக்கு என்று தனியாக எவ்வளவு. பல பக்கேஜ்களில் நைட் டேட்டா நள்ளிரவு 12 மணிக்குப் பிறகுதான் வேலை செய்யும். 10 ஜிபி மிச்சம் என்று காட்டும், ஆனால் மாலை 6 மணிக்கு அதில் ஒரு எம்பிகூட உங்களுக்கு உதவாது. எனி டைம் முடிந்து, சமூக ஊடகப் பக்கேஜ் மட்டும் உயிரோடு இருந்தால் நீங்கள் சொல்வது போலவே நடக்கும். வட்ஸ்அப்பும் யூடியூப்பும் ஓடும், கூகிளும் ஸூமும் ஓடாது. தரவு எந்த முகவரிக்குப் போகிறது என்பதை வைத்துத்தான் வலையமைப்பு எந்தக் கணக்கில் கழிப்பது என்று தீர்மானிக்கிறது.

வழிப்போக்கன் | மாலை 6.13
அக்கா சொல்வது சரியாகத்தான் படுகிறது. விபிஎன்னை நான் கேட்டதும் இதே காரணத்துக்காகத்தான். சமூக ஊடகப் பக்கேஜை வைத்துக்கொண்டு விபிஎன் போட்டால், யூடியூப் பார்த்தாலும் வலையமைப்புக்குத் தெரிவது விபிஎன் சேர்வரின் முகவரி மட்டும். எல்லாம் எனி டைமில்தான் கழியும். அது முடிந்தால் விபிஎன்னும் நின்றுவிடும்.

மூத்த பொறியாளர் | மாலை 6.15
பல நாடுகளில் ஹொட்ஸ்பொட்டுக்குத் தனிக் கட்டணம் இருந்தது, இன்னும் சில பக்கேஜ்களில் இருக்கிறது. நிறுவனம் கோபுரம் கட்டி அலைவரிசைக்குப் பணம் கட்டுகிறது. ஒரு சிம்மை வாங்கி முழு வீடும் பாவித்தால் அதைக் கட்டுப்படுத்த அதற்கு உரிமை உண்டு. எல்லாவற்றையும் இலவசமாக எதிர்பார்க்கும் பழக்கம் எங்களுக்கு அதிகம்.

புறக்கோட்டை மொபைல் தம்பி | மாலை 6.18
யார் இலவசமாகக் கேட்டது? காசு கொடுத்து ரீலோட் போட்டு வாங்கிய டேட்டா. அதை அக்கா பாவித்தால் என்ன, தங்கச்சி பாவித்தால் என்ன? இரண்டு கிலோ அரிசி விற்ற கடைக்காரர் அதை எத்தனை பேர் சாப்பிடுகிறீர்கள் என்று வந்து எட்டிப் பார்க்கிறாரா? வரையறை இல்லாத பக்கேஜ் என்றால் நீங்கள் சொல்வதில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஜிபி கணக்கில் விற்றதற்கு அது பொருந்தாது.

கடைக்கு வருகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். வீட்டில் ஒரு நல்ல போன்தான் இருக்கும், பிள்ளைகள் மூன்று பேர் படிப்பார்கள். ஃபைபர் எடுக்க எல்லோருக்கும் வசதி இல்லை. வாடகை வீட்டில் இருக்கிறவர்கள் இணைப்பு எடுக்கவே யோசிக்கிறார்கள், எப்போது காலி பண்ணச் சொல்வார்களோ என்று. அவர்களுக்கு ஹொட்ஸ்பொட்தான் ரவுட்டர்.

கடலோரக் காற்று | மாலை 6.21
2020இல் கொரோனா காலத்தில் பல்கலைக்கழக மாணவர்களுக்கு, இலங்கைப் பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பு வழியாக ஸூம் டேட்டா கழியாமல் கிடைத்தது. நான் அப்போது இரண்டாம் வருடம். அம்மாவின் போனிலிருந்து ஹொட்ஸ்பொட் எடுத்துத்தான் விரிவுரை கேட்டேன். அந்த ஏற்பாடு இல்லாவிட்டால் என் வகுப்பில் பலர் அந்தத் தவணையே விட்டிருப்பார்கள். ஆகவே பகிர்வது தவறு என்ற மாதிரிக் கதைக்காதீர்கள்.

மூத்த பொறியாளர் | மாலை 6.23
தவறு என்று நான் சொல்லவில்லை. நிறுவனத்துக்கு உரிமை உண்டு என்றேன். வாசித்துவிட்டுப் பதில் எழுதுங்கள்.

நெறியாளர் | மாலை 6.25
கட்டணம் நியாயமா இல்லையா என்பதற்குத் தனி இழை திறந்து கதையுங்கள். அங்கேயும் எந்த நிறுவனத்தின் பெயரையும் இழுத்துச் சண்டை போட வேண்டாம். இங்கே ஒரு பிள்ளைக்கு 7 மணிக்கு வகுப்பு.

மழைத்துளி | மாலை 6.31
என் போனிலும் குரோம் திறக்கவில்லை. எனி டைம் 0. நைட்டும் சோஷலும் இருக்கின்றன. ஆனால் இரண்டு நாளுக்கு முன் எனி டைமில் 6 ஜிபிக்கு மேல் இருந்ததே? நான் ஒன்றும் பார்க்கவில்லை. ரீலோட் போடப் போகிறேன்.

தெஹிவளை அக்கா | மாலை 6.36
போடுங்கள், ஆனால் அந்த 6 ஜிபி எங்கே போனது என்று தெரியாமல் ஐபோனை மறுபடி கனெக்ட் பண்ண வேண்டாம். இல்லாவிட்டால் இதுவும் அதே வழியில் போய்விடும்.

ஐபோனுக்கு உங்கள் ஹொட்ஸ்பொட்டும் வீட்டு ஃபைபரும் ஒன்றுதான், இரண்டும் வைஃபை. வைஃபை கிடைத்தால்தான் செய்யலாம் என்று ஒத்திவைத்த வேலைகளை எல்லாம் அது உடனே தொடங்கிவிடும். ஆப் அப்டேட், படங்களை ஐகிளவுடுக்கு ஏற்றுவது, சார்ஜில் போட்டுத் திரையை மூடிவிட்டால் முழு பெக்கப். ஐகிளவுடில் 5 ஜிபி இலவசம். புதிதாகக் கைக்கு வந்த போன், மாமா வந்த நேரம் எடுத்த படங்கள் வீடியோக்கள் என்று நிறைய இருக்கும். அவை ஏறினாலே உங்கள் கணக்கு முடிந்துவிடும்.

இப்படிச் செய்யுங்கள். கனெக்ட் ஆனதும் வைஃபையில் முன்பு தட்டிய அதே வட்டத்தைத் தட்டி, லோ டேட்டா மோட் என்பதை ஓன் பண்ணுங்கள். தானாக நடக்கும் அப்டேட்டும் படம் ஏற்றுவதும் அதில் நின்றுவிடும். இது அந்த ஒரு ஹொட்ஸ்பொட்டுக்கு மட்டும்தான், வேறு வைஃபைக்குப் போனால் வழமைபோல் இருக்கும். வகுப்பு முடிந்ததும் ஹொட்ஸ்பொட்டை ஓஃப் பண்ணிவிடுங்கள், இரவு முழுக்க விட வேண்டாம்.

ஸூமிலும் தங்கச்சியின் கமராவை மூடிவைத்தால் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம்.

கம்பியில்லாதவன் | மாலை 6.40
அன்ட்ரொயிட்டிலிருந்து அன்ட்ரொயிட்டுக்கு என்றால் இப்படிப் பின்னணியில் டேட்டா கரைவது பெரும்பாலும் நடக்காது. ஹொட்ஸ்பொட் கொடுக்கும் போன் "இது அளந்து கொடுக்கும் நெட்" என்று மற்றதற்கு அறிவித்துவிடும். ஆனாலும் வைஃபை விபரத்துக்குள் போய் மீட்டர்ட் என்று கையாலும் போட்டுவிடுவது நல்லது.

மழைத்துளி | மாலை 6.57
ரீலோட் போட்டாச்சு. லோ டேட்டாவும் போட்டாச்சு. ஸூம் வந்துவிட்டது. நன்றி அக்கா, எல்லோருக்கும் நன்றி.

தெஹிவளை அக்கா | மாலை 6.59
நல்லது. வகுப்பு முடிந்ததும் ஐபோன் செட்டிங்ஸில் ஐகிளவுட் போட்டோஸ் ஓனில் இருக்கிறதா என்று மட்டும் ஒருக்கா பார்த்துச் சொல்லுங்கள். 6 ஜிபி அங்கேதான் போனதா என்று உறுதியாகத் தெரிந்துவிடும்.

மூத்த பொறியாளர் | இரவு 7.20
பக்கேஜ் என்ன என்று முதலில் எழுதச் சொன்னது நான்தான் என்பதையும் கவனிக்கவும்.

புறக்கோட்டை மொபைல் தம்பி | இரவு 7.24
கேட்டீர்கள், சரி. ஆனால் பதில் வருவதற்கு முன்பே ஏபிஎன் என்று முடிவும் கட்டிவிட்டீர்கள். அந்தப் பிள்ளை அதை மாற்றியிருந்தால் இப்போது ரீலோட் போட்டும் நெட் இருக்காது.

தெஹிவளை அக்கா | இரவு 9.48
மழைத்துளி, பார்த்தீர்களா?

வத்தளை வாசகன் | இரவு 10.15
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு இதற்கு நேர்மாறு. என்னுடையது ஐபோன் 13, அப்பாவினுடையது பழைய அன்ட்ரொயிட். என் ஹொட்ஸ்பொட்டின் பெயரே அவருடைய போனில் தெரிவதில்லை. மற்ற வைஃபை எல்லாம் தெரிகின்றன.

கம்பியில்லாதவன் | இரவு 10.19
உங்களுடையதுதான் நிஜமான 5 கிகா பிரச்சினை. ஐபோன் 12 முதல் வந்தவற்றில் பெர்சனல் ஹொட்ஸ்பொட் பக்கத்தில் மெக்சிமைஸ் கம்பாட்டிபிலிட்டி என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. அதை ஓன் பண்ணினால் 2.4க்கு இறங்கிவிடும். அப்பாவின் போன் கனெக்ட் ஆகும் வரை அந்தப் பக்கத்தை மூடாமல் திறந்தே வைத்திருங்கள், வெளியே வந்தால் சில நேரம் பெயர் மறைந்துவிடும். செய்து பார்த்துவிட்டு வந்ததா இல்லையா என்று எழுதுங்கள். வராவிட்டால் அப்பாவின் போன் மாடலையும் போடுங்கள்.